சங்கிலிமுத்துவின் துப்பாக்கி

குயிலாம்பாறை மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்தார் சங்கிலிமுத்து. துப்பாக்கி வாங்கும்வரை அவருக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. வாங்கிய பிறகு பல பயங்கள் வந்து சேர்ந்தன.

கீழூரில் ஒரு தோட்ட வீட்டுக்குள் திருடர்கள் புகுந்து, வீட்டுக்காரர்களைக் கட்டிப்போட்டு நகையை அள்ளிப் போயிருந்தார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து சங்கிலிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. அலையாய் அலைந்து லைசென்ஸ் வாங்கி, ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்து கூடத்துச் சுவரில் மாட்டினார். பேரப்பிள்ளைகளுக்கு எட்டிவிடுமோ என்று பயந்து உயரத்தில் மாற்றினார். அவசரத்துக்குக் கை எட்டாதே என்று மறுபடி இறக்கினார். தோட்டாவைத் தனியாக வைத்திருந்தவர், திருடன் வந்தால் தேடிக்கொண்டா நிற்பது என்று நிரப்பியே வைத்தார்.

மனைவி பொன்னுத்தாய் அந்தச் சுவரோரம் நடப்பதையே விட்டுவிட்டாள்.

மலையடியில், ஓடைக்கரையில், தையல்நாயகி அம்மை என்ற துறவி இருந்தார். சங்கிலிமுத்துவின் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். ஆனாலும் சங்கிலிமுத்து அந்த அம்மையைக் குருவாகக் கொண்டு, வருடக்கணக்காக அவர் முன்னால் உட்கார்ந்து மனதை அடக்கப் பழகிவந்தார்.

ஒரு மாலை, தனியாக நடக்கப் பயந்து, துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டே அங்கே போனார்.

“அம்மா, ஒரு சந்தேகம். இதை வீட்டுல வைக்கக் கூடாதுன்னு பொன்னுத்தாய் தினம் அழுவுறா. கொல்றது மனசா, இரும்பா?”

“மனசுதான்.”

“அப்போ, மனசை அடக்கினவன் வீட்டுல இரும்பு இருந்தா என்ன?”

“முதல்ல அதை வெளியே வச்சுட்டு வாங்க, ஐயா.”

“உங்களை நான் சுட்டுடுவேனா, அம்மா?”

“நீங்க சுட மாட்டீங்க. நான் சுட்டுடலாமே; எனக்கும் கோபம் வரும்.”

வேடிக்கை என்று நினைத்துச் சங்கிலிமுத்து சிரித்தார். அம்மை சிரிக்கவில்லை.

“நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்குக் கஞ்சி குடிக்க வர்றேன். அங்கே பேசுவோம்.”

மறுநாள் பனி இன்னும் விலகவில்லை. பொன்னுத்தாய் அடுப்பில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அம்மை வருவதற்கு முன்பே வந்து சேர்ந்தான் தம்பி ராசாங்கம். பக்கத்துத் தோட்டம் அவனுடையது. இரண்டு தோட்டத்துக்கும் ஒரே ஊற்றுத் தண்ணீர்.

“அண்ணே, குழாயை ஏன் உன் பக்கம் திருப்பினே? என் நாத்து பூரா காயுது.”

“நான் தொடவே இல்ல. பன்னி முட்டியிருக்கும்.”

“பன்னிக்கு வால்வு திருகத் தெரியுமாக்கும்?”

“அப்போ நான் திருடனுங்கறியா?”

“புதுசாவா சொல்றேன்? அப்பன் போன அன்னிக்கே என் பங்கைத் தின்னவன்தானே நீ!”

அதற்குப் பிறகு நடந்தது சங்கிலிமுத்துவுக்கு நினைவில்லை. “என்னங்க!” என்று பொன்னுத்தாய் அலறிய பிறகுதான் தெரிந்தது. துப்பாக்கி அவர் கையில் இருந்தது. எப்போது கூடத்துக்குள் போனார், எப்போது சுவரிலிருந்து எடுத்தார், ஒன்றும் புரியவில்லை. குழலுக்கு நேரே தம்பியின் நெஞ்சு. ராசாங்கத்தின் வாய் திறந்தபடி இருந்தது.

இறக்க வேண்டும் என்று சங்கிலிமுத்து நினைத்தார். விரல் விசையை விட்டு வரவில்லை. அது தன் விரல்தானா என்று சந்தேகமாக இருந்தது.

பொன்னுத்தாய் பாய்ந்து வந்து குழலை மேலே தள்ளினாள். வெடித்தது. கூரை ஓடுகள் நொறுங்கி விழுந்தன. மலை முழுக்க நாய்கள் குரைத்தன.

ராசாங்கம் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான். முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. திரும்பிப் பனிக்குள் போய்விட்டான்.

வழியில் சத்தம் கேட்ட அம்மை வேகமாக ஏறி வந்தார். பொன்னுத்தாய் கதவோரம் சரிந்து அழுதுகொண்டிருந்தாள். துப்பாக்கி தரையில் கிடந்தது. அதைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. சங்கிலிமுத்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

“அவனைக் கொல்லணும்னு நான் நெனைக்கல, அம்மா. சத்தியமா நெனைக்கல.”

“நம்பறேன்.”

“இத்தனை வருசம் உங்க முன்னால உட்கார்ந்ததெல்லாம் வீணா? இவ்வளவு கோபமா எனக்குள்ள கெடந்துச்சு?”

அம்மை அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“இதுக்கு முன்னால தம்பியோட சண்டை வந்ததே இல்லையா?”

“வராம இருக்குமா? பாகம் பிரிச்ச அன்னிக்கு ஊரே கூடிருச்சே.”

“அன்னிக்குக் கோபம் இதைவிடக் கம்மியா?”

சங்கிலிமுத்து யோசித்தார். “இல்ல. அன்னிக்குத்தான் அதிகம். கண்ணு மண்ணு தெரியல.”

“என்ன செஞ்சீங்க?”

“கைக்குக் கெடைச்ச செம்பைத் தூக்கி எறிஞ்சேன். அவன் நெத்தி பொளந்துருச்சு.”

“அப்புறம்?”

“பேச்சுவார்த்தை நின்னுபோச்சு. நல்லது கெட்டதுக்குக்கூட வரல. அப்புறம் பொங்கலன்னிக்கு அவனே வந்தான். ஒண்ணும் பேசல. பக்கத்துல உட்கார்ந்து, வெத்தலை இருக்கான்னு கேட்டான்.”

பொன்னுத்தாயின் அழுகை நின்றிருந்தது.

“இனிமே என் வாசலை மிதிப்பானா, அம்மா?”

“மிதிக்கலாம். நடந்துதானே போயிருக்கார்.”

“எனக்கு ஒண்ணும் வெளங்கல. அன்னிக்கும் நான்தான், இன்னிக்கும் நான்தான். கோபமும் அதே கோபந்தான். அப்புறம் என்னம்மா வித்தியாசம்?”

கூரையில் விழுந்திருந்த ஓட்டையை அம்மை நிமிர்ந்து பார்த்தார். பனி அதன் வழியே கூடத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

“அந்தக் குண்டு தம்பி நெஞ்சுல பட்டிருந்தா, எந்தப் பொங்கலுக்கு வந்து வெத்தலை கேட்பார், ஐயா?”