தலைவரின் வெள்ளை வேட்டி

வெள்ளம் வடிந்தும் ஊர்க் குடிநீர்த் தொட்டி கலங்கியே கிடந்தது. ஊராட்சித் தலைவர் கனகசபாபதி அதில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டு, "பயப்படாமக் குடிங்க" என்றார். குடித்தவர்களுக்கு வாந்திபேதி. சலவைக்கார அங்கம்மாளின் மகள் செத்தே போனாள்.

துக்கம் விசாரிக்க அமைச்சர் வருகிறாராம். தலைவர் அங்கம்மாளிடமே வேட்டியை வீசினார். "பளிச்சுனு வெளுத்துக் கொண்டா."

மறுநாள் ஊர் கூடியிருந்த இடத்தில் அவள் வேட்டியை விரித்துக் காட்டினாள். ஒரே செம்மண் நிறம்.

"என்னடி இது?"

"தொட்டித் தண்ணியிலதாங்க அலசினேன். பவுடரும் நிறையப் போட்டேனுங்க."

"அறிவிருக்கா? சேத்துத் தண்ணியில போட்டா பவுடரைச் சேறு தின்னுடும். தண்ணியத் தெளிய வெச்சுல்ல போடணும்!"

ஊர் அவரையே பார்த்தது.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா என் புள்ள குடிச்சிருக்க மாட்டாளுங்களே" என்றாள் அங்கம்மாள்.