சுவருக்குக் கை முளைத்த கதை

உடம்புக்குள் இருப்பவையும் வாய்திறந்து பேசிய அந்தக் காலத்தில், இரத்தக் குழாய்களின் உட்சுவர் வழுவழுவென்று இருந்தது. உடம்பைக் காவல் காக்கும் வெள்ளை அணுக்கள் இரத்தத்தோடு அடித்துச் செல்லப்பட்டன. எங்கேயும் நிற்க முடியாது. சொந்தமா வேற்றாளா என்று பார்ப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

அப்போது சடையன் என்பவனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. முகமும் காலும் வீங்கி மூச்சு வாங்கியது. அவன் அக்கா மாரக்காள் வைத்தியம் பார்க்கும் காத்தாயியிடம் போனாள்.

"என்னுதுல ஒண்ண எடுத்து அவனுக்கு வச்சிரு."

காத்தாயி அப்படியே செய்தாள். ஆனால் எடுத்து இன்னோர் உடம்பில் வைத்துத் தைப்பதற்குள் அந்தச் சிறுநீரகம் இரத்தமில்லாமல் கிடந்தது. அதன் குழாய்ச் சுவரெல்லாம் ரணமாகிவிட்டது. சடையனின் இரத்தம் பாய்ந்ததும் ரணம் எரிந்தது.

"யாராவது நின்னு பாருங்களேன்," என்று சுவர் கூப்பிட்டது.

"எங்க நிக்க? பிடிக்க ஒண்ணுமில்லையே," என்றபடியே காவலர்கள் ஓடினார்கள்.

சுவர் பதறியது. அந்தப் பதற்றத்தில் அதன் மேல் சின்னச் சின்னக் கைகள் முளைத்தன. எல்லாவற்றையும் நீட்டியது. ஒரு காவலன் முதல் கையில் தட்டி உருண்டான். அடுத்த கை அவன் வேகத்தைக் குறைத்தது. மூன்றாவது கை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் நின்றான். நின்றதும் சுவரை உற்றுப் பார்த்தான்.

"நீ யாரு?"

"மாரக்காளோட சிறுநீரகம். இவனுக்கு அக்கா அவ."

"இந்த உடம்புல எல்லாரையும் எனக்குத் தெரியும். உன் முகம் தெரியலையே."

"உதவிக்குத்தான உன்னக் கூப்பிட்டேன்."

காவலன் பின்னால் வருபவர்களுக்குக் குரல் கொடுத்தான். அவர்களும் கைகளைப் பற்றி உருண்டு நின்று, சுவரின் இடுக்கு வழியே உள்ளே நுழைந்து கடிக்கத் தொடங்கினார்கள்.

சடையனுக்குக் காய்ச்சல் கொதித்தது. சிறுநீர் நின்றுபோனது. மாரக்காள் அவன் அடிவயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே தன்னுடையது முனகியது.

"விட்டிருங்கப்பா. அது நான் குடுத்தது."

"எங்களுக்கு முகம்தாம்மா தெரியும். யாரு குடுத்தாங்கன்னு தெரியாது," என்றான் காவலன்.

அவள் சுவரிடம் திரும்பினாள். "நீயாவது கைய உள்ள இழுத்துக்கோயேன்."

"இழுக்கத் தெரியலையே தாயி. பயப்படப் பயப்பட இன்னும் முளைக்குது."

காத்தாயி கசப்புப் பச்சிலையை இடித்துச் சாறு எடுத்துவந்து புகட்டினாள். காவலர்கள் சோர்ந்தார்கள். பிடி தளர்ந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கி, சிறுநீர் பிரிந்தது.

"இத எத்தன நாளைக்கு குடிக்கணும்?" என்று கேட்டான் சடையன்.

"நீ இருக்கிற வரைக்கும். காவல் அசந்து கிடக்கும், அதனால சின்னச் சளிக்கும் நீ பயந்துதான் இருக்கணும்."

மாரக்காள் மீதிச் சாற்றை எடுத்து அவன் வாயருகே நீட்டினாள்.

அன்று முதல்தான், எவ்வளவு பாசத்தோடு கொடுத்த உறுப்பானாலும், அதன் குழாய்ச் சுவர் வேதனையில் கை நீட்ட, வெள்ளை அணுக்கள் அதையே பற்றிக்கொண்டு உள்ளே நுழைகின்றன. வாங்கியவர் ஒரு நாளும் தவறாமல் மருந்து குடிக்கிறார்.