மான்கள் கழுத்தில் கட்டிய கோவைக்கொடி

மலையடிவாரக் காட்டில் ஒரு மடு இருந்தது. கோடையில் ஓடைகள் எல்லாம் வறண்டுவிடும். அப்போது யானை முதல் அணில் வரை எல்லோரும் அந்த மடுவுக்குத்தான் வந்தாக வேண்டும்.

அந்தக் காட்டில் தும்பை என்றொரு புள்ளிமான் வாழ்ந்தாள். அவள் கூட்டத்தார் மழைமலைச் சாமியைக் கும்பிடுகிறவர்கள். சாமிக்காகக் கழுத்தில் கோவைக்கொடி சுற்றியிருப்பார்கள். கொடி காய்ந்துபோனால், புதிய கொடியைச் சுற்றிய பிறகே பழையதை எடுப்பார்கள். வெறுங்கழுத்தோடு ஒரு நொடிகூட இருப்பதில்லை. இந்த வழக்கத்தால் யாருக்கும் ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

ஒரு கோடையில் சிறுத்தை ஒன்று உடம்பு முழுக்கக் கொடிகளைச் சுற்றிக்கொண்டு, மடுவோரம் புதர் மாதிரி படுத்துக் கிடந்தது. கொடியின் பச்சை வாசனையில் அதன் வாடை மான்களுக்குக்கூட எட்டவில்லை. தண்ணீர் குடிக்க வந்த பூவாயி என்ற காட்டுப்பன்றியின் குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. பூவாயி அழுத அழுகையில் காடே கலங்கிப்போனது.

அவள் காட்டின் தலைவியான பெரியநாச்சி என்ற யானையிடம் போனாள். "கொடி சுத்திக்கிட்டு யார் வந்தாலும் எனக்கு நெஞ்சு பதறுது தாயே. இன்னொரு குட்டி இருக்கு. ஏதாச்சும் பண்ணுங்க" என்றாள்.

பெரியநாச்சி நல்லவள்தான். ஆனால் அவசரம் வந்தால் நல்லவர்கள் புத்தியும் கொஞ்சம் தடுமாறும். கொடி கட்டிக்கொண்டு யாரும் மடுவுக்கு வரக்கூடாது என்று அன்றே உத்தரவு போட்டுவிட்டாள்.

மறுநாள் தும்பை தண்ணீர் குடிக்கப் போனாள். வழியில் கூரன் என்ற முள்ளம்பன்றி காவல் நின்றான்.

"கொடியை அவுத்து வெச்சிட்டுப் போம்மா" என்றான்.

"என்னைத் தெரியாதா கூரண்ணே? நான் என்ன சிறுத்தையா?"

"தெரியும்மா. ஆனா உத்தரவு எல்லாருக்கும் ஒண்ணுதானே."

"கொடி கட்டுறது நாங்க மட்டும்தானே. அப்புறம் எப்படி அது எல்லாருக்குமான உத்தரவு?"

கூரன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த நேரம் பெரியநாச்சி அங்கே வந்தாள். உடம்பெல்லாம் சேறு, முதுகில் புல்லும் சருகும். கூரன் ஒதுங்கி வழிவிட்டான்.

"உங்க மேல இருக்கிறது மட்டும் என்ன தாயே?" என்று தும்பை கேட்டாள்.

"இது ஈ கடிக்காம இருக்கப் பூசுறது. இதைப் பார்த்து யாரும் பயப்படலையே" என்றாள் பெரியநாச்சி. "உன்னைக் குடிக்க வேணாம்னு நான் சொல்லலை. அவுத்துட்டுக் குடி, அப்புறம் கட்டிக்கோ. கொஞ்ச நேரம்தானே?"

"அந்தக் கொஞ்ச நேரமும் சாமி என்கூட இருக்கணும் தாயே."

பெரியநாச்சி இறங்கி வரவில்லை. தும்பை குட்டி ஈன்று சில நாட்களே ஆகியிருந்தன. தண்ணீர் இல்லாவிட்டால் பால் வற்றிவிடும் என்று அவளுக்குத் தெரியும். கனத்த மனதோடு திரும்பினாள்.

கூட்டத்தில் நீலி என்ற இளமான் கொடியை அவிழ்த்து வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்தவளை மான்களின் தலைவன் கொம்பையன் மறித்தான். "சாமியை விட்டவளுக்கு இங்கே இடமில்லை" என்றான்.

தும்பை நடுவில் போய் நின்றாள். "அவுக்கணும்னு அவங்க சொல்றாங்க. அவுக்கக் கூடாதுன்னு நீங்க சொல்றீங்க. கழுத்து அவளோடது. அவளை யாராவது கேட்டீங்களா?"

கொம்பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வழிவிட்டான். நீலி கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள்.

மான்கள் மலைமேல் பாறைச் சுனைக்குப் போயின. அங்கே ஊறிய தண்ணீர் நாக்கை நனைக்கத்தான் போதுமாக இருந்தது. தும்பையின் மடி வற்றியது. குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்தியது. அதற்கு இன்னும் கொடி கட்டவில்லை. முதல் மழை பெய்தால்தான் கட்டுவார்கள். எந்த உத்தரவும் அந்தக் குட்டியைத் தடுக்கவில்லை. ஆனால் அதற்கு வேண்டியது பால். கடைசியில் தும்பை மனம் உடைந்தாள். கொடியை அவிழ்த்துவிடலாம் என்று குட்டியைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் இறங்கினாள். குட்டிக்கு நடக்கத் தெம்பில்லை. பாதி வழியில் சுருண்டு விழுந்து உயிரை விட்டது.

அதே விடியலில் சிறுத்தை மறுபடி மடுவுக்கு வந்தது. இந்த முறை அதன்மேல் ஒரு கொடியும் இல்லை. முன்பெல்லாம் மான்கள்தான் அதன் வாடையைப் பிடித்துக் குரல் கொடுக்கும். அந்தக் குரல் கேட்டுத்தான் மற்றவர்கள் ஓடித் தப்புவார்கள். இப்போது குரல் கொடுக்க அங்கே ஒரு மானும் இல்லை. பூவாயியின் இன்னொரு குட்டியும் போயிற்று.

பெரியநாச்சி மலையேறி வந்தாள். பின்னாலேயே பூவாயியும் வந்தாள். இறந்த குட்டியின் பக்கத்தில் தும்பை நின்றுகொண்டிருந்தாள்.

"திரும்பி வந்திடுங்க தும்பை. கொடியோடயே வாங்க. உங்க மூக்கு இல்லாம எங்களுக்குக் காவலே இல்லை" என்றாள் பெரியநாச்சி.

"மூக்கு வேணும்னு கூப்பிடுறீங்க. வாடை பிடிக்கத் தெரியாதவங்களா நாங்க இருந்தா, தாகத்துல சாகட்டும்னு விட்டிருப்பீங்களா தாயே?"

பூவாயி முன்னால் வந்து அந்தக் குட்டியைப் பார்த்தாள். "நான் பயந்தது சிறுத்தைக்கு. தள்ளி வெச்சது உன்னை" என்றாள். இரண்டு தாய்களும் பக்கம் பக்கமாக நின்று அழுதார்கள்.

உத்தரவு அன்றே நீங்கியது. மான்கள் மடுவில் இறங்கின, மற்றவை கொடியோடும் நீலி கொடி இல்லாமலும். தும்பை வயிறு நிறையக் குடித்தாள். சில நாளில் அவள் மடியில் மறுபடி பால் சுரந்தது. குடிக்கத்தான் குட்டி இல்லை.

குற்றம் செய்தவனைப் பிடிக்காமல் அவன் போர்த்தி வந்ததைத் தடை செய்யும் அரசு, குற்றமற்றவர்களைத்தான் தண்டிக்கிறது.