அழித்துக் கட்டுகிறவர்

“திங்கட்கிழமையை நினைச்சா பயமா இருக்கு மேடம்,” என்றார் துரைக்கண்ணு.

அவருடைய குரு ஜெசிந்தா அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். கம்பெனியில் அவருக்குப் பயிற்சி கொடுப்பவர்.

திங்கட்கிழமை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சர்வர்கள் துரைக்கண்ணு கைக்கு வருகின்றன. தடுமாறினால் வேலை போய்விடும். ஐம்பதை நெருங்கும் ஆளுக்கு யார் இன்னொரு வேலை கொடுப்பார்கள்?

அதனால்தான் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று பழைய கம்ப்யூட்டர்களைக் கோத்து, ஒரு கிளஸ்டர் கட்டிப் பழகிக்கொண்டிருந்தார். ஒரு மெஷின் படுத்தால் இன்னொன்று அதன் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும். சாப்பாடு தரையில்தான். அவர் கட்டியதைப் பார்க்க இன்று ஜெசிந்தா வீட்டுக்கு வந்திருந்தார்.

“எத்தனை தடவை கட்டினீங்க சார்?”

“கணக்கே இல்ல. தூக்கத்துல எழுப்பினாலும் கட்டுவேன்.”

“ஏன் அத்தனை தடவை?”

“எங்கயாவது மக்கர் பண்ணும். மொத்தமா அழிச்சிட்டு முதல்லேருந்து போட்டா சரியாயிடும்.”

ஜெசிந்தா கிளஸ்டரில் இரண்டு பேர் எழுதிப் பேசிக்கொள்ள ஒரு சின்னப் பக்கத்தை ஏற்றினார். துரைக்கண்ணுவின் மனைவி செண்பகத்தைக் கூப்பிட்டார்.

“அக்கா, உங்க போன்ல இதைத் திறந்து யாருக்காவது லிங்க் அனுப்பி எழுதுங்க. சும்மா சோதனைக்கு.”

செண்பகம் போனோடு அடுப்படிக்குப் போனார். வெகுநேரம் கழித்துக் குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை மட்டும் வந்தது.

ஜெசிந்தா கீபோர்டை இழுத்து எதையோ ஒரு வரி மாற்றினார். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

“என்னங்க! நின்னுபோச்சு!” அடுப்படியிலிருந்து குரல்.

துரைக்கண்ணுவுக்கு உயிரே வந்தது. இது அவருக்குத் தெரிந்த ஆட்டம். திரையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, விரல்கள் அழிக்கிற கட்டளையை அடித்து முடித்துவிட்டன.

“ஒரு நிமிஷம் செண்பகம், புதுசா போட்டுத் தர்றேன்.”

“எழுதினது?” செண்பகம் அடுப்படி வாசலுக்கே வந்துவிட்டார்.

“அது போயிடும். பழகுறதுக்குத்தானே?”

“ஐயோ, வேணாங்க! தங்கச்சிக்கு எழுதினேன். அம்மா காரியத்துல சண்டை போட்டுட்டுப் போனவ, இன்னைக்குத்தான் பதில் போட்டா. நீளமா எழுதியிருக்கா. பாதிதான் படிச்சேன்.”

துரைக்கண்ணுவின் விரல் என்டர் பொத்தானுக்கு மேலேயே நின்றது. திங்கட்கிழமையை நினைத்தபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

ஜெசிந்தாவைப் பார்த்தார். அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

அடித்த கட்டளையை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“மேடம், இந்தச் சிவப்பு எழுத்துல என்ன சொல்லியிருக்கு?”

“எங்க தப்புன்னு இத்தனை நாளா அதுதான் சார் சொல்லிட்டிருந்துச்சு,” என்றார் ஜெசிந்தா. “படிங்க.”