தட்டைப் பாதமும் கொக்கின் வைத்தியமும்

ஒரு காட்டுக் குளத்தருகே குரங்குக் கூட்டம் ஒன்று இருந்தது. அதில் தவிட்டி என்ற குட்டிக்குப் பாதம் தட்டை. ஈரமண்ணில் மிதித்தால் முழுப் பாதமும் அப்படியே பதியும். கணுக்கால் உள்பக்கம் சாயும். கொஞ்ச தூரம் நடந்ததும், "அம்மா, வலிக்குது!" என்று உட்கார்ந்துவிடும்.

வெயில் ஏறியது. குளம் வற்றத் தொடங்கியது. "குளம் முழுசா வத்துறதுக்குள்ள மலைக்கு அந்தப் பக்கம் போயாகணும். பாறை வழி. பின்தங்குறவங்களைச் சிறுத்தை பார்த்துக்கும்!" என்றது தலைவன் குரங்கு.

தவிட்டியின் தாய் மந்தி குட்டியை இழுத்து அணைத்துக்கொண்டது.

கரையில் நின்ற கொக்கு கூப்பிட்டது. "தட்டைப் பாதம் எத்தனையோ குட்டிகளுக்கு உண்டு. வலி இல்லேன்னா சும்மா விட்டுடலாம். இவளுக்கு வலிக்குதே! என்கிட்ட அனுப்பு. பயிற்சி கொடுத்தா கால் பலப்படும்."

மந்தி கண்ணை இடுக்கியது. "உனக்கு இதுல என்ன லாபம்?"

"பேச்சுத்துணைதான்!"

மந்தி நம்பவில்லை. வேறு வழியில்லாமல் குட்டியை அனுப்பிவிட்டு, இலை மறைவில் உட்கார்ந்து கொக்கையே கவனித்தது.

"மரத்துல கையை ஊன்று. ஒரு காலைப் பின்னால வை. குதிகால் எழும்பக் கூடாது. கெண்டைக்கால் இழுக்குதா?"

"இழுக்குது!"

"இப்ப நுனிக்கால்ல எழும்பு. மெதுவா இறங்கு!"

சில நாள் இப்படியே போனது. ஒரு தப்பும் தெரியவில்லை. மந்திக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

பிறகு ஒருநாள், "கால்விரலால அந்தக் கல்லைத் தூக்கு!" என்றது கொக்கு. தவிட்டி தூக்கியது. கல்லுக்கடியிலிருந்து நண்டு ஓடியது. கொக்கு லபக்கென்று விழுங்கியது! அடுத்த கல். அடுத்த நண்டு.

மந்தி தொப்பென்று குதித்தது. "பேச்சுத்துணையாம்! என் பிள்ளையை வேலை வாங்கியா வயிறு வளர்க்கிறே?"

கொக்கு தலை குனிந்தது. "நண்டுக்கு ஆசைப்பட்டது நிஜம். ஆனா பயிற்சி பொய்யில்லே."

மந்தி காதில் வாங்கவில்லை. குட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பயிற்சி நின்றது. குறைந்திருந்த வலி திரும்ப வந்தது. தவிட்டி அழுதது. "அது நண்டு தின்னா தின்னுட்டுப் போகட்டுமே! எனக்கு வலி குறைஞ்சுதே, நீ பார்க்கலையா அம்மா?"

மந்தி திடுக்கிட்டது. இத்தனை நாளும் கொக்கின் அலகைத்தான் பார்த்திருந்தது. மகளின் காலைப் பார்க்கவே இல்லை!

மறுநாள் அதுவே குளக்கரைக்கு வந்தது. "உன்னை நம்பலே. பயிற்சியை நம்புறேன். பக்கத்துலயே இருப்பேன்!"

"இரு. இனி ஒளிக்க ஒண்ணுமில்லே," என்றது கொக்கு.

கூட்டம் புறப்பட்டபோது தவிட்டியின் பாதம் தட்டையாகத்தான் இருந்தது. ஆனால் கால் வலுத்திருந்தது. பாறை வழியில் இரண்டொரு இடத்தில் நின்றது, உட்காரவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்து ஓடையில் எல்லோரோடும் சேர்ந்து தண்ணீர் குடித்தது.

ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் விழிப்போடு இருக்க வேண்டுமே தவிர, அவரால் கிடைக்கும் நன்மையை ஆராயாமல் உதறிவிடக் கூடாது.