தானாக உருண்ட மணி

ரொம்பக் காலத்துக்கு முன்னால், கண்ணாடி மணிக்கும் காது கேட்ட காலத்தில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு ராஜ்யம் இருந்தது. அந்த ராஜ்யத்தின் கடைசித் தெருவில், கடைசி வீட்டில், இரண்டு பெண்கள் மணிமாலை கோத்து வாழ்ந்துவந்தார்கள். ஒருத்தி பாவாயி. இன்னொருத்தி செங்கமலம், பாவாயியின் புருஷனுக்குத் தங்கை.

புருஷன் காய்ச்சலில் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. அவனே இல்லை, அவன் தங்கையோடு உனக்கு என்ன ஒட்டு என்று ஊர் பாவாயியைக் கேட்டது. "அவளுக்கு நூலுக்கு மெழுகு போடத் தெரியாது" என்றாள் பாவாயி. உன் மாமன் வீட்டுக்குப் போக வேண்டியதுதானே என்று செங்கமலத்தைக் கேட்டது. "அண்ணிக்கு நிறம் பார்க்கத் தெரியாது" என்றாள் செங்கமலம். அதற்கு மேல் ஊருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அது உண்மையும்தான். பாவாயியின் விரல்கள் கடுகளவு மணிக்குள்ளும் நூலை நுழைத்துவிடும். அவள் போட்ட முடிச்சு எங்கே இருக்கிறது என்று அவளுக்கே பிறகு தெரியாது. ஆனால் நிறம் என்று வந்தால் அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். அதற்குச் செங்கமலம் வேண்டும். மாலை கோப்பதற்கு முன்னால் மணிகளைப் பிளந்த மூங்கிலில் வரிசையாக வைத்துப் பார்ப்பார்கள். பந்தி வைப்பது என்று அதற்குப் பேர். செங்கமலம் கல்யாண வீட்டில் ஆள் உட்கார வைக்கிறவளைப் போல அதிகாரம் பண்ணுவாள்.

"இந்தச் சிவப்பு அந்தப் பச்சையோட பேசறதில்ல அண்ணி. நடுவுல ஒரு வெள்ளையை உட்கார வையுங்க."

"வெள்ளை யாரு, சம்பந்தியா?"

"பெரிய மனுஷி. ரெண்டு பக்கமும் தலையாட்டுவா."

"உன்னை எங்கே உட்கார வைக்கிறதுன்னுதான் எனக்குத் தெரியல."

"என்னைக் கடைசியில வையுங்க. அப்பதான் எல்லாரையும் பார்த்துக் குத்தம் சொல்ல முடியும்."

இப்படிப் பேச்சும் மணியுமாகப் பொழுது போகும்.

ஒரு நாள் காலை பத்து நாழிகை இருக்கும். வாசலில் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் நெட்டையாக ஒருவன். முழங்கால் வரைக்கும் தாடி. கையில் ஒரு கருங்காலிப் பெட்டி. அவன்தான் ஊமத்தராயன். மூன்று மலைக்கு அப்பால், மூன்று மாடி வீட்டில், ஒண்டியாக இருக்கிற மந்திரவாதி. யாராவது எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் அவனுக்குப் பொறுக்காது என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். அவனைப் பார்க்கப் போனவர்கள் பலபேர் திரும்பி வரவில்லை என்றும் சொல்லிக்கொள்வார்கள்.

பெட்டியைத் திறந்தான். உள்ளே தொண்ணூற்றொன்பது மணிகள். ஒன்று பவளம் போல, ஒன்று மரகதம் போல, ஒன்று மயில் கழுத்துப் போல.

"இதை மாலையாகக் கோத்துத் தர வேண்டும். மூன்று பேரிடம் கொடுத்தேன். மூன்று தடவையும் அறுந்துபோயிற்று."

"நூல் சரியில்லாம இருந்திருக்கும்" என்றாள் பாவாயி.

"சாயங்காலம் வருகிறேன். மூன்று காரியம் செய்யக் கூடாது. எண்ணக் கூடாது. நனைக்கக் கூடாது. கடிக்கக் கூடாது."

போய்விட்டான்.

கேளுங்கள். உங்களிடமும் என்னிடமும் சொல்லியிருந்தால் சும்மா இருந்திருப்போம். மணி கோக்கிறவர்களிடம் போய் இந்த மூன்றையும் செய்யாதே என்றால் நடக்கிற காரியமா? பாவாயி மணிகளை மூங்கிலில் அடுக்கினாள். அடுக்குகிற விரல் தானாக எண்ணிவிட்டது. தொண்ணூற்றொன்பது என்று எண்ணி முடித்ததும் மணிகளெல்லாம் லேசாகச் சூடாயின. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தாள். தூசியாக இருக்கிறதே என்று செங்கமலம் ஒரு கை பூந்திக்கொட்டைத் தண்ணீரை எடுத்துத் தெளித்துவிட்டாள். மணிகளெல்லாம் லேசாக நடுங்கின. காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். பிறகு, பவளமா கண்ணாடியா என்று தெரிந்துகொள்ள, சிவப்பில் ஒன்றை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தாள்.

"ஐயோ" என்றது மணி.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீ சொன்னியா?"

"நான் ஏன் அண்ணி ஐயோன்னு சொல்றேன், கடிச்சவ நானு."

அதற்குள் வாசலில் நிழல் விழுந்துவிட்டது.

"கடித்தது யார்?"

பாவாயி வாயைத் திறந்தாள். செங்கமலம் முந்திக்கொண்டாள்.

"நான்தான். இதெல்லாம் மணி இல்ல, மனுஷங்க. அதுதான் மாலை அறுந்துபோகுது. யாரை யார் பக்கத்துல உட்கார வைக்கிறதுன்னு ஒரு யோசனை வேண்டாமா? உங்களுக்குப் பந்தி வைக்கத் தெரியல."

ஊமத்தராயன் விரலைச் சொடுக்கினான். செங்கமலம் நின்ற இடத்தில் ஒரு மணி கிடந்தது. அதை எடுத்து மற்றவற்றோடு போட்டு, பெட்டியை மூன்று குலுக்குக் குலுக்கி, மூங்கிலில் கொட்டினான். இப்போது நூறு மணியும் ஒரே சாம்பல் நிறம். ஒரே அளவு.

"மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் நூறையும் கோத்து முடிச்சுப் போடு" என்றான். "மாலை என் கழுத்தில் ஏறிவிட்டால் இந்த ராஜ்யத்தில் எனக்கு எதிர்ப்பேச்சுக் கிடையாது. உன்னை விட்டுவிடுகிறேன். கோக்காவிட்டால் நீ நூற்றொன்றாவது மணி."

"அவளை விடுறதுக்கு வழி?"

அவன் சிரித்தான். "தானாக உருளுகிற மணியை என் மந்திரம் பிடிக்காது. மூங்கிலை விட்டு உருண்டு வெளியே வந்தால் கூட்டிக்கொள். இத்தனை காலத்தில் ஒன்றுகூட உருண்டதில்லை."

முதல் நாள் பாவாயி மூங்கிலுக்கு முன்னால் உட்கார்ந்தாள். முடிச்சுப் போட்டால் தான் பிழைக்கலாம். ஆனால் செங்கமலம் அந்தத் தாடிக்குக் கீழே காலத்துக்கும் தொங்க வேண்டும். ஊசியை எடுத்துத் தூரமாக வைத்தாள்.

"வீட்டுக்கு வாடி, கண்ணு" என்றாள்.

அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. நூறு மணியும் நடுங்கின. வீட்டுக்கு வா என்று யாராவது ஒரு குரல் கூப்பிட்டால் எந்த மணிதான் நடுங்காது? ஆனால் எதுவும் உருளவில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நடுங்கிவிட்டு நின்றுவிட்டன. எது செங்கமலம் என்று பாவாயிக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் வெல்லப் பணியாரம் சுட்டாள். சட்டியோடு கொண்டுவந்து மூங்கில் பக்கத்தில் வைத்தாள்.

"ஓரம் முறுகலா, உனக்குப் பிடிச்ச மாதிரி" என்றாள்.

நூறு மணியும் நடுங்கின. பணியாரம் யாருக்குத்தான் பிடிக்காது? எதுவும் உருளவில்லை. பணியாரம் ஆறிப்போயிற்று. பாவாயியும் தின்னவில்லை.

மூன்றாம் நாள் விடிந்தது. கூப்பிட்டாயிற்று, கொடுத்தாயிற்று, அழுதும் பார்த்தாயிற்று. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் புருஷன் போன மறுவாரமும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குச் செங்கமலம் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கூடை மணியைக் கொண்டுவந்து மடியில் கொட்டி, "நாளைக்குள்ள கேட்டிருக்காங்க, சும்மா உட்காராதீங்க" என்றாள். பிறகு தெரிந்தது, யாரும் கேட்டிருக்கவில்லை.

கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. தங்களுடைய மணிக்கூடையை இழுத்து வைத்துக்கொண்டு, பார்க்காமல், கைக்கு வந்ததைக் கோத்தாள். கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று. அதற்குப் பக்கத்தில் கிளிப்பச்சை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கிளிப்பச்சை, கொஞ்சம் பெரிசு. பிறகு செங்கல் நிறம். ஒரு முழம் ஆனதும் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள், யாரிடமும் இல்லை.

மூங்கிலில் டிக் என்று ஒரு சத்தம்.

பாவாயி திரும்பினாள். தொண்ணூற்றொன்பது மணிகள் அசையாமல் இருந்தன. நடுவில் ஒன்று, பக்கத்து மணியை இடித்துக்கொண்டிருந்தது.

பாவாயி அதைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கூடையில் கையை விட்டாள். மாம்பழ மஞ்சளில் ஒன்றை எடுத்துக் கத்தரிப்பூவுக்குப் பக்கத்தில் கோத்தாள்.

டிக், டிக்.

"இதையே அரண்மனைக்குக் கொடுத்துடலாம்" என்றாள். "யார் கோத்ததுன்னு கேட்டா, எங்க செங்கமலம்தான் நிறம் எடுத்துக் கொடுத்தான்னு சொல்லிக்கலாம்."

டிக், டிக், டிக். மணி வரிசையைப் பிளந்துகொண்டு, மூங்கில் விளிம்பில் ஏறி, ஒரு கணம் தயங்கி, தரையில் குதித்தது. குதித்த இடத்தில் செங்கமலம் நின்றாள். தலை கலைந்திருந்தது.

"முதல்ல அந்தக் கத்தரிப்பூவைக் கழட்டுங்க அண்ணி."

பாவாயி கழட்டவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் விடவும் இல்லை.

"ஆசையா கூப்பிட்டேன், வரல. பணியாரம் சுட்டேன், வரல."

"கூப்பிட்டது நீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? கண்ணுன்னு நீங்க எப்பக் கூப்பிட்டிருக்கீங்க? இந்த மாதிரி ஒரு மாலையைக் கோக்கக்கூடியவங்க உலகத்துல ஒருத்தர்தான். அதுதான் வந்தேன்."

பாவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு மூங்கிலைப் பார்த்தாள். "மத்தவங்க?"

"அவங்களுக்கும் அதேதான் வேணும்" என்று செங்கமலம் உட்கார்ந்தாள். "பொழுது சாயறதுக்குள்ள எல்லாரையும் கிளப்பிடலாம். யாருக்கு எது பொறுக்காதுன்னு எனக்குத் தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மூணு நாள் பக்கத்துல கிடந்தேன். பேசாமலா இருப்பேன்?"

முதல் மணியிடம் குனிந்தாள். "ஏழும் எட்டும் பதினாறு" என்றாள். மணி விருட்டென்று உருண்டது. ஒரு வாத்தியார் எழுந்து நின்று, "பதினைந்து, பதினைந்து" என்றார்.

இரண்டாவது மணியிடம், "அடுப்புல பால் பொங்கி வழியுது" என்றாள். ஒரு அம்மாள் எழுந்து நேரே அடுப்படிக்கு ஓடினாள்.

மூன்றாவது மணிக்குப் பேச்சு வேண்டியிருக்கவில்லை. பாவாயியைப் பாடச் சொன்னாள். இரண்டு அடி பாடுவதற்குள் காதைப் பொத்திக்கொண்டு ஒரு நாதஸ்வரக்காரர் எழுந்தார்.

"அந்தக் கடைசிப் பணியாரத்தை உன் தம்பி தின்னப்போறான்" என்றதும் ஒரு சின்னப் பெண் எழுந்தாள். "சீட்டாட்டத்துல உங்களை யாரு வேணா ஜெயிக்கலாம்" என்றதும் ஒரு சேனாதிபதி எழுந்தார். "உங்க வீட்டுக்காரர் நீங்க இல்லாம நிம்மதியா இருக்காராம்" என்றதும் ஒரு பெண் எழுந்தாள். அவள் பின்னாலேயே, யாரும் கூப்பிடாமல், "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று அவள் புருஷன் எழுந்தான்.

வீடு கொள்ளவில்லை. தெருவில் நின்றார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் ஊமத்தராயன் வந்தபோது மூங்கிலில் மூன்று மணிகள்தான் மிச்சம். ஓடிவந்து இரண்டு கையாலும் பொத்தினான்.

"இவங்க மூணு பேரும் அக்கா தங்கச்சிங்க" என்றாள் செங்கமலம் பாவாயியிடம், அவனைப் பார்க்காமலே. "இதுல மூத்தவதான் அழகுன்னு ஊர்ல பேசிக்கிறாங்க."

விரலிடுக்கில் இரண்டு மணிகள் பிதுங்கிக்கொண்டு வெளியே குதித்தன. "இல்ல, இல்ல, கடைக்குட்டிதான் அழகாம்" என்றாள் பாவாயி. மூன்றாவதும் குதித்தது.

ஊமத்தராயன் விரலைச் சொடுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. தானாக உருண்டவர்கள் மேல் அவன் மந்திரம் ஏறாது. அவன் அக்குளில் இடுக்கியிருந்த பெட்டி வாயைத் திறந்துகொண்டு நின்றது. அந்தப் பெட்டி காலியாக இருந்து பழகாத பெட்டி. தாடியின் நுனியைப் பிடித்தது. தாடியை இழுத்தது. தாடியோடு ஆளையும் இழுத்துக்கொண்டு மூடியது. உள்ளே டக் என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால், சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு மணி.

அப்புறம் என்ன, வந்தவர்கள் அவரவர் ஊருக்குப் போனார்கள். அதிலிருந்து அந்தக் கடைசி வீட்டுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் சொந்தம். எந்த ஊரில் கல்யாணம் என்றாலும் மணமாலை அங்கிருந்துதான். பந்தியில் ஆள் உட்கார வைக்கவும் செங்கமலத்தைத்தான் கூப்பிட்டார்கள். எந்தக் கல்யாணத்திலும் சண்டை வந்ததில்லை.

அந்தச் சாம்பல் மணியை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. தூக்கி ஆற்றில் போடுங்கள் என்றது ஊர். பாவாயிக்கு மனசு வரவில்லை. கழுவித் துடைத்து, தினமும் மற்ற மணிகளோடு பந்தியில் வைத்தாள்.

"இவனுக்கு எது பொறுக்காது?" என்று கேட்டாள்.

"எதிர்ப்பேச்சுதானே?" என்றாள் செங்கமலம். குனிந்து, அவளுக்குத் தெரிந்த எதிர்ப்பேச்செல்லாம் பேசினாள். ஒரு நாள் பேசினாள், இரண்டு நாள் பேசினாள், மூன்று நாள் பேசினாள். மணி உருளவில்லை. மூன்றாம் நாள் அவள் பேச்சை நிறுத்தியபோது லேசாக நடுங்கியது.

"அண்ணி, இவனுக்கு இது பிடிச்சிருக்கு போல."

"கூட இருந்தவங்க யாராவது இருந்தா கேட்கலாம்" என்றாள் பாவாயி.

யாரும் இல்லை. மூன்று மாடி வீட்டில் அவன் ஒண்டியாகவே இருந்தவன். சாம்பாரில் புளி கூடினால் முகம் சுளிப்பானா, ஈரக்காலோடு உள்ளே வந்தால் கத்துவானா, எதுவும் எவருக்கும் தெரியாது.

அதனால் இரண்டு பேரும் தினம் ஒன்றாகச் சொல்லிப் பார்க்கிறார்கள். காலையில் பந்தி வைத்ததும் பாவாயி ஒன்று சொல்வாள். செங்கமலம் ஒன்று சொல்வாள். மணியைக் கொஞ்சநேரம் பார்ப்பார்கள். பிறகு நூலை எடுத்து வேலையைத் தொடங்குவார்கள். இன்றைக்கு வரைக்கும் அது உருளவில்லை. அந்தப் பக்கம் போனால் நீங்களும் ஒன்று சொல்லிப் பாருங்கள்.