பேர் சொல்லாத வர்ணனை

எங்கள் ஊர் பெண்கள் கபடி இறுதியாட்டத்துக்கு மைக் பிடித்தவர் சவுண்ட் சர்வீஸ் மாடக்கண்ணு. அவர் மகள் பேச்சியம்மாள் ஓர் அணி. கமிட்டித் தலைவர் அருணகிரியின் மகள் ரம்யா எதிரணி.

ஆட்டம் தொடங்குமுன் தலைவர் மேடையேறினார்.

"வே மாடக்கண்ணு, பெத்த மகளுக்கு நீரே வர்ணனை சொன்னா ஊர் ஓரவஞ்சனைன்னு பேசும். உம்ம மக பேர் மைக்கில வரப்படாது. மீறினா வர்ற கோயில் கொடைத் திருவிழாவுக்கு வேற சவுண்ட் சர்வீஸ்தான்."

"உங்க மக பேரு அண்ணாச்சி?"

"அதைத் தாராளமாச் சொல்லும். அவளுக்கு நானா வர்ணனை சொல்லுதேன்?"

"சரி அண்ணாச்சி."

ஆட்டம் சூடுபிடித்தது.

"தலைவர் மகள் ரம்யா ரெய்டு வருகிறார்! என்ன வேகம், என்ன வீரம்! ஐயோ, காலைப் பிடித்து மடக்கிவிட்டார்கள். பிடித்தது யாரென்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

"பேச்சியம்மா!" என்று கத்தியது கூட்டம்.

ரம்யா மறுபடி வந்தார். மறுபடி அதே பிடி, அதே "அனுமதி இல்லை." மூன்றாம் தடவை மாடக்கண்ணு வாய் திறக்கவே இல்லை. மைதானமே பேச்சியம்மாள் பேரைச் சொல்லி ஆடியது.

தலைவருக்குப் பொறுக்கவில்லை. மேடைக்கு ஓடிவந்து, "யோவ், அவ பேரைச் சொல்லித் தொலையும்!" என்று கத்தினார். அது மைக்கில் விழுந்து ஊருக்கே கேட்டது.

அந்த நேரம் பார்த்து ரெய்டு போன பேச்சியம்மாள் பிடிபட்டாள். மாடக்கண்ணு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவுட்! அவுட் ஆனது பேச்சியம்மாள், என் சொந்த மகள். இதைச் சொல்லத்தான் தலைவர் இப்போது ஓடிவந்து அனுமதி கொடுத்தார்."